காசு தீர்ந்தால் ஊமையாகும் வானொலி
(சாலைக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுக்குப் பாட்டு வரும் என்றார்கள். 2000-இல் ஏசியாஸ்டார் கோள் மேலே போனது. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தமிழிலும் பாட்டுத் தந்தது. ஒலி சுத்தம், மறுக்கவில்லை. ஆனால் தனிப் பெட்டி வாங்க வேண்டும், வானம் பார்த்து ஆன்டெனா வைக்க வேண்டும், சந்தாவும் கட்ட வேண்டும். 2008-இல் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் ஒலி நின்றது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பெட்டியானது.

இன்று கைபேசியில் ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன். கேட்ட பாட்டு கேட்ட நொடியில் வருகிறது. ரீசார்ஜ் தீர்ந்தால் அதுவும் ஊமை.

எஃப்.எம். அப்படியல்ல. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30-இல் நமக்குப் பக்கத்தில், நாகர்கோவிலில்தான் தொடங்கியது. மலிவான பெட்டி, இரண்டு பேட்டரி போதும். ஒருவர் கேட்டாலும் தெருவே கேட்டாலும் செலவு ஒன்றே. கரண்டும் டவரும் போன இரவில் புயல் செய்தி சொல்ல அது வேண்டும். 2017-இல் ஒக்கிப் புயலில் நம் கரையோரம் பட்ட பாட்டை மறக்கலாமா?

அதில் ஒரு குறை உண்டு. எதை ஒலிபரப்புவது என்பதை நிலையம் தீர்மானிக்கிறது, நாம் அல்ல. ஆகவே கேட்போம்: திருவனந்தபுரம் வானொலியில் நாள்தோறும் தமிழுக்கு உறுதியான நேரம் வேண்டும். பாட்டுக்கு மட்டுமல்ல, கூலி, ரேஷன், பள்ளிச் சேர்க்கை, புயல் எச்சரிக்கை எல்லாம் நம் மொழியில் வர வேண்டும். மலையாளத் தோழர்களின் பங்கைப் பறிக்க அல்ல. நம் பங்கைப் பெறவே.

மனு தயார். வீட்டுக்கு ஒரு கையெழுத்துத் தாருங்கள்!