வியாபாரம் வேறு, வருமானம் வேறு
(மும்பையில் நம் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் சகோதரி ஒருவர் வருமானச் சான்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். தாராவியில் இட்லி போட்டு விற்கிறவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இரண்டு. "தினம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார் எழுத்தர். "ஆயிரத்தைந்நூறு ஓடும்" என்று இவர் கள்ளமில்லாமல் சொல்லிவிட்டார். எழுத்தர் 1,500-ஐ 365-ஆல் பெருக்கினார். ஆண்டு வருமானம் 5,47,500 ரூபாய்! ஒரே நிமிடத்தில் நம் சகோதரி பணக்காரி ஆகிவிட்டார்.

நாங்கள் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அரிசி, உளுந்து, தேங்காய், கேஸ், மாவு அரைக்கும் கூலி, சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் பையனுக்குச் சம்பளம். எல்லாம் போக நாளொன்றுக்குக் கையில் நிற்பது 450 ரூபாய். மாதத்தில் 25 நாள் வியாபாரம். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒரு மாதம் அடுப்பே எரியாது. ஆக, ஆண்டுக்கு 1,23,750 ரூபாய். வித்தியாசம் நாலு லட்சத்துக்கும் மேல். உளுந்துக்குக் கொடுத்த காசையும் அவர் வருமானம் என்று எழுதினால் எப்படி?

இதனால் என்ன போயிற்று என்று கேட்பீர்கள். மராட்டிய அரசு 2024-ல் கொண்டுவந்த லாட்கி பஹின் திட்டத்தில் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். உண்மைக் கணக்குப்படி நம் சகோதரி அதற்குள் வருகிறார்; எழுத்தர் கணக்குப்படி வரவில்லை. ஆண்டுக்கு 18,000 ரூபாய் ஒரு பெருக்கல் கணக்கில் போய்விட்டது!

மாதச் சம்பளக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. சம்பளச் சீட்டு பேசும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி கட்டுவது முக்கால் சதவீதம், முதலாளி கட்டுவது மூன்றேகால். ஆனால் நம்மில் பாதிப் பேர் தள்ளுவண்டி, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி. மீதிப் பேர் நாலு ஆள் வேலை செய்யும் தோல் பட்டறை. நமக்குச் சீட்டு எழுதுகிறவர் யார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரம்பு நேர்மையானதாக இருக்கிறதா? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதை இம்மாநிலம் 2014-ல் நடைமுறைப்படுத்தியபோது நகரக் குடும்பத்துக்கு வைத்த வரம்பு ஆண்டுக்கு 59,000 ரூபாய். மாதம் 5,000 கூட இல்லை! மும்பையில் அதில் ஒரு குடும்பம் வாழ்ந்து காட்டட்டும், பார்க்கலாம். வாசலில் நிற்கும் ஏஜென்ட் "நாற்பதாயிரம் என்று எழுதித் தருகிறேன்" என்கிறான். நாங்கள் அதற்குச் சம்மதிக்க மாட்டோம். பிடிபட்டால் தண்டனை நமக்கு, அவனுக்குக் கமிஷன். ஆனால் உண்மை சொன்னவள் வெளியே, பொய் சொன்னவன் உள்ளே என்று ஆக்கி வைத்தது யார்?

தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடமும் அப்படித்தான். நலிந்த பிரிவுக்கு வரம்பு ஒரு லட்சம். 99,000 சம்பாதித்தால் கட்டணமே இல்லை. 1,01,000 சம்பாதித்தால் முழுக் கட்டணம். நம் சகோதரி 23,750 ரூபாயால் வெளியே நிற்கிறார். ஊரில் வாங்கிய சாதிச் சான்று இங்கே கல்விச் சலுகைக்குச் செல்லாது என்பதால், நம்மில் பலருக்கு இந்த ஒரு வாசல்தான்.

ஊர் ரேஷன் கார்டு வைத்திருப்போர் கவனியுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020-ல் சேர்ந்தது. ஆனால் கார்டில் பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்று இருந்தால்தான் இங்கே தானியம் கிடைக்கும். என்.பி.எச்.எச். என்றால் ஊரில் மட்டும்தான் அரிசி. பலர் இது தெரியாமல் கடைக்காரனோடு சண்டை போட்டுத் திரும்புகிறார்கள்.

அந்தச் சகோதரியின் சான்றுக்கு மறுமனு எழுதிவிட்டோம். மளிகைக் கடைச் சீட்டுகள், கேஸ் ரசீதுகள், மூன்று மாத நோட்டுக் கணக்கு எல்லாம் இணைத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. செலவு போக நிற்பதையே வருமானமாகக் கொள்ள வேண்டும், விலைவாசி ஏறும்போது வரம்பும் ஏற வேண்டும், வரம்பைத் தாண்டினால் சலுகை படிப்படியாகக் குறைய வேண்டுமே தவிர ஒரேயடியாக அறுபடக் கூடாது என்று மூன்று தீர்மானங்கள் உங்கள் முன் வைக்கிறோம்.

இன்று முதல் வியாபாரம் செய்கிற ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் விற்றது, வலப்பக்கம் செலவு. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். அலுவலகத்தில் "தினம் எவ்வளவு?" என்று கேட்டால், வாயால் சொல்லாதீர்கள், நோட்டைக் காட்டுங்கள். ஞாயிறு காலை மன்றத்தில் இருப்போம். சான்றுக்குப் போவதற்கு முன் நோட்டோடு வந்துவிட்டுப் போங்கள்.