உயிரோடு வந்தவனுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வழி தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என் சபுராளித் தம்பிகளே!

2024 ஜூன் 12. குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிந்தது. இறந்த 45 இந்தியர்களின் உடல்களை விமானப்படை விமானம் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று நம் அரசு அறிவித்தது. கொடுக்க வேண்டியதுதான், அதில் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் கேட்கிறேன்: அதே வளைகுடா வெயிலில் வெந்து, உயிரோடு ஊர் வந்து இறங்குகிறானே, அவனுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

என் அண்ணன் வளைகுடாவில் 19 வருடம் பைப் வெல்டர். அவர் வைத்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு கீறல் இருக்காது. ஊருக்கு வந்து பட்டறை போடக் கடன் கேட்டார். “சான்றிதழ் எங்கே, ஜாமீன் யார்?” என்றார்கள். இரண்டும் இல்லை. இன்றைக்கு அந்தக் கை, கல்யாண மண்டபத்து வாசலில் கேட்டைத் திறந்து மூடுகிறது!

வெளிநாடு போகிறவனுக்கு 1983-இல் சட்டம் போட்டார்கள். ஏஜெண்டுக்கு உரிமம், வைப்புத்தொகை எல்லாம் அதில் உண்டு. வந்தவன் பிழைக்க அதில் வழி இல்லை. கேரளத்தில், இரண்டு வருடம் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் தொழில் தொடங்கினால், அந்த அரசின் வெளிநாடுவாழ் கேரளத்தவர் துறையான நோர்க்கா வழியாக 15 சதவீத மானியம், 3 லட்சம் வரை. நம்மிடமும் வெளிநாடுவாழ் தமிழர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. மானியம் வேண்டும்தான். ஆனால் மானியத்தில் வாங்கிய மெஷினுக்கு வேலை யார் கொடுப்பது?

வேலையா இல்லை இந்த ராமநாதபுரம் சீமையில்? கண்மாய் மடையின் ஷட்டர் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் வீணாகக் கசிகிறது. மேல்நிலைத் தொட்டி மோட்டார் எரிந்தால், வெளியூர் மெக்கானிக் வரும்வரை நம் பெண்கள் குடத்தோடு அலைகிறார்கள். நம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. மிளகாயோ இன்னும் களத்து மண்ணில்தான் காய்கிறது; ஒரு தூறல் விழுந்தால் கறுத்துவிடுகிறது. உலர்கூடம் கட்ட இரும்பு வேண்டும், வெல்டர் வேண்டும். வெல்டர் இதோ முன்வரிசையில் இருக்கிறார்!

ஒன்றியம்தோறும் திரும்பி வந்தவர்களின் கூட்டுறவுச் சங்கம் வேண்டும். ஊராட்சியின் பழுதுபார்ப்பு வேலை முதலில் அந்தச் சங்கத்துக்குப் போக வேண்டும். தொழில் தெரிந்தவனைப் பட்டறையில் நிறுத்தி, கைவேலையைப் பார்த்துச் சான்றிதழ் கொடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்காதீர்கள்!

அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம். கலைவதற்கு முன் இந்த நோட்டில் பெயரையும் தெரிந்த தொழிலையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் என் அண்ணன் பெயரை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.