சும்மாடும் மரத்தட்டும்

குடம் சுமக்கிறவர்கள் தலையில் சும்மாடு வைப்பார்கள் இல்லையா? மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்களுக்கும் அந்த வழக்கம் உண்டு. தலைமுடியைத் திரித்துச் செய்த கயிற்றைச் சுற்றிச் சும்மாடாக்கி, அதன்மேல் கூலமனை வைத்து நடப்பார்கள்.

கூலமன் என்பது படகுபோலக் குழிந்த மரத்தட்டு. நம் கல்யாண முருங்கைக்குச் சொந்தக்கார மரம் ஒன்றிலும் இதைக் குடைவார்கள். தண்ணீர் கொண்டுவர, விதை புடைக்க, குழந்தையைக் கிடத்த, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். தண்ணீர் தளும்பாமலிருக்க மேலே இலைக்கொத்தைப் போட்டுக்கொள்வார்கள். காவி மண்ணால் சித்திரம் தீட்டுவதும் உண்டு. இப்போது அக்ரிலிக் வண்ணமும் சேர்ந்துகொண்டது.

சில மரங்களில் தேவையான பட்டையை மட்டும் பெயர்த்தெடுத்துச் செய்வார்கள். மரம் சாகாது, தழும்போடு வளரும். அந்தத் தழும்பு மரங்கள் இன்றும் நிற்கின்றன.

மரத்தைச் சாய்க்காமலே பாத்திரம் செய்யலாம் என்பதற்கு அவைதான் சாட்சி!