வளவும் வலவ்வவும்



இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிலே சிங்கள உயர்குடியினரின் மாளிகையை 'வலவ்வ' என்று வழங்குவர். கட்டடத்தை மட்டுமன்று, அதற்குரிய குடும்பத்தையும் அச்சொல் சுட்டும். 'இன்ன வலவ்வவைச் சேர்ந்தவர்' என்றால் போதும். அவருடைய முன்னோர் வகித்த பதவியும் ஆண்ட நிலமும் கேட்போர் மனத்தில் உடனே தோன்றிவிடும்.

இச்சொல் நமது 'வளவு' என்பதன் திரிபென்பர். யாழ்ப்பாணத்திலே வளவென்பது வேலியடைத்த மனைநிலம்; ஏழைக்கும் ஒரு வளவுண்டு. செட்டிநாட்டு வீடுகளிலோ நடுமுற்றத்தைச் சூழ்ந்த பகுதி வளவு எனப்படும். ஈரிடத்தும் சூழ்ந்திருத்தலே பொருள். குடிப்பெருமை அதில் இல்லை. சிங்களத்திற் புகுந்த பின்னரே சொல் பல்லக்கேறியது போலும்!

அதனைப் பல்லக்கேற்றியவை கண்டியரசின் பதவிகள். சபரகமுவையின் திசாவையாக இருந்த எகெலபொல 1814இல் அரசனைப் பகைத்து ஆங்கிலேயரிடம் சென்றார். 1829இல் மொரீசியசிலே நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார். இரத்தினபுரியிலுள்ள அவர் பெயர் தாங்கிய வலவ்வ இன்று தேசிய அரும்பொருட்சாலை.

உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 1916இல் இரத்தினபுரி எல்லாவல வலவ்வவிற் பிறந்தவரே. அவரும் சாஸ்திரியும் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் செய்த ஒப்பந்தப்படி, நாடற்றோராயிருந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பார்க்கலாமென விடப்பட்டது. வளவு என்ற சொல்லைத் தந்த மொழியினர்க்கு வளவு வேண்டாம், லயத்தின் ஓர் அறையேனும் எந்நாட்டில் என்பதே அன்றைய கேள்வி.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கத்தக்க நிலத்தை 50 ஏக்கருக்கு வரையறுத்தது. வயலாயின் 25 ஏக்கர். அதனை இயற்றியதும் அவ்வம்மையாரின் அரசாங்கமே என்பதை மறத்தலாகாது. வலவ்வக் குடும்பங்கள் பல நிலமிழந்தன. ஆயினும் மாளிகையும் பெயரும் அவர்களிடமே நின்றன. கைமாறிய தோட்டங்கள் சிலவற்றிலிருந்து துரத்தப்பட்ட தொழிலாளர்க்கோ லயத்து அறையும் போயிற்று.

தமிழில் எழுதுவோர் சிலர் வலவ்வவைப் 'பெரிய வீடு' என்றும், வேறு சிலர் 'வளவு' என்றும் பெயர்க்கின்றனர். முன்னையது குடிப்பெயரை விழுங்கிவிடும்; பின்னையது யாழ்ப்பாணத்தாரைக் கிணற்றையும் வேலியையும் எண்ணச் செய்யும். 'எல்லாவல வலவ்வ' என ஊர்ப்பெயரோடு அப்படியே எழுதுதலே தக்கது.