அப்பாவின் அம்பாசிடர்



பாகூரிலிருந்து பரீட்சைக்கு அப்பாவின் அம்பாசிடரில் வந்து இறங்குவேனே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். "நேரமாச்சுப்பா" என்பேன். "பொறுடா, இன்ஜின் சூடாகட்டும்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

உத்தரப்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அப்பா காலமானபின், கொட்டகையில் கிடந்த வண்டிக்கு விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டேன். ஒப்படைக்கும் நாளன்று ஸ்டார்ட் செய்த கையோடு கியர் போட்டேன், நின்றுபோனது. மறுபடியும் அதே கதை. வில்லியனூரிலிருந்து வந்த மெக்கானிக் சோக்கை இழுத்துவிட்டு, "பொறுங்க சார், சூடாகட்டும்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வண்டி வாசலில் நிற்கிறது. பாகூர்ப் பக்கம் போகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுக்கணும், அவ்வளவுதான்.