ஆறைந்து காதம்

சிலப்பதிகாரத்தில், புகாரை விட்டுக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பாள் கண்ணகி. மூச்சு வாங்க, மதுரை எங்கே என்கிறாள். பாக்கி 30 காதம். கணவன் கோவலன் அப்படிச் சொல்லவில்லை. ஆறைந்து காதம், பக்கம்தான் என்று சிரித்தான். ஆறையும் ஐந்தையும் பெருக்கினால் தொகை அதேதான், காதுக்குச் சின்னதாக விழுகிறது. கணவனாக எப்படியோ, வழித்துணையாகத் தேறிவிட்டான்!

தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். அதை யார் நினைப்பது? வாடிப்பட்டியில் ஒரு டீ, அப்புறம் கொடைரோடு, அப்புறம் திண்டுக்கல். கால் கொப்பளித்து ஒருவர் பின்தங்கினால், முன்னால் போகிறவர் "வேல் வேல்" என்பார். கூட்டம் "வெற்றிவேல்" என்னும். அந்தத் தாளத்துக்கு அடி தானாக விழும். பிள்ளைகளுக்கோ, அடுத்த கிலோமீட்டர் கல்லை முதலில் பார்ப்பது யார் என்ற போட்டி.

ராத்திரியில் நடக்கிறவர்கள் மட்டும் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். லாரிக்காரர் கண்ணுக்கும் நீங்கள் தெரியவேண்டுமே.