கணக்கியல் கற்ற இளைஞர் செல்லும் வழி எது?

 

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துக் கூறி அமர்வது எளிது. ஆயினும் வணிகவியல் பயிலும் நம் இளைஞர் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினர்: "ஐயா, பட்டயக் கணக்காளர் தேர்வில் வென்றபின் சொந்தமாகத் தணிக்கை அலுவலகம் அமைப்பதா? அன்றித் தனியார் நிறுவனத்தில் சம்பளத்திற்கு அமர்வதா?" நான் வரலாறு கற்பித்தவன், கணக்கியல் வல்லுநன் அல்லேன். எனினும் என் மாணவர் பலரின் வாழ்வை அருகிருந்து கண்டவன் என்ற உரிமையில் விடை கூற முற்படுகிறேன்.

கணக்கு நமக்கு அயலான துறையன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893ஆம் ஆண்டில் 'பறையன்' இதழைத் தொடங்குமுன், நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணிபுரிந்தவர். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து, 1923ஆம் ஆண்டில் இலண்டன் பொருளாதாரப் பள்ளியின் வழியே டி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். ஆனால் நம் முன்னோருள் பெரும்பாலோர் பிறர் எழுதிய கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தனர். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கேட்கவும் அவர்களால் இயலவில்லை. அந்த வீடுகளிலிருந்து வந்தவர்களே நீங்கள்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் அடிப்படை, இடைநிலை, இறுதி என மூன்று நிலைத் தேர்வுகளை நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் முதல் நிலைத் தேர்வை எழுதலாம். 2023ஆம் ஆண்டில் வந்த புதிய திட்டப்படி, தொழில் நடத்தும் ஒரு தணிக்கையாளரிடம் ஈராண்டுகள் பயிற்சி பெறல் வேண்டும். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். ஆகவே தமிழ்வழி பயிலும் பிள்ளைகள் பள்ளி நாளிலேயே ஆங்கிலத்தில் உழைத்தாக வேண்டும்.

இனி இரு வழிகளையும் எடைபோடுவோம். தனியார் நிறுவனத்தில் மாதந்தோறும் ஊதியம் உண்டு. வருங்கால வைப்பு நிதி உண்டு. கொள்முதல், உற்பத்திச் செலவு, வரி, வங்கிக் கடன் என ஒரு தொழிலின் உள்ளியக்கம் முழுவதையும் அங்கே கற்கலாம். கடன்பட்ட தந்தைக்கும், மணமாகாத தங்கைக்கும் அந்த ஊதியம் உடனே துணையாகும். ஆயினும் அரசுப் பணியில் உள்ள இடஒதுக்கீடு அங்கே இல்லை. பதவி உயர்வு மேலிடத்தாரின் மனத்தைப் பொறுத்தது. ஆலை கைமாறினால் இருக்கையும் ஆட்டங்காணும்.

சொந்த அலுவலகமோ சுதந்திரமானது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியின் கணக்கும் பட்டயக் கணக்காளரால் தணிக்கை செய்யப்பட வேண்டும். பிறிதோரிடத்தில் முழுநேர ஊழியராக உள்ளவர் அப்பணியை ஏற்க இயலாது. செல்வர் எழுதிய கணக்கு சரியா என்று கூறும் கையொப்பம் உங்களுடையதாக இருக்கும். எனினும் தொடக்க ஆண்டுகளில் வருவாய் மெலிந்தே இருக்கும். வாடிக்கையாளரை வலிய நாடித் திரட்டத் தொழில் ஒழுக்க விதிகள் இடந்தருவதில்லை. அறிமுகத்தின் வழியேதான் பணி வந்து சேரும். வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு மாமன் கடையும் சிற்றப்பன் ஆலையும் முதல் வாடிக்கையாகும். நம் பிள்ளைக்கு அத்தகைய மாமன் ஏது?

என் பழைய மாணவர் ஒருவர் பயிற்சி இடம் கேட்டு ஓர் அலுவலகம் சென்றார். மதிப்பெண் கேட்கவில்லை, எந்தத் தெரு என்று கேட்டனர். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த வாரம் வரவே இல்லை. வேறோர் ஊரில் இடம் பெற்றுத் தேறிய அவர், ஆறாண்டுகள் ஓர் ஆலையில் பணியாற்றிக் குடும்பக் கடனைத் தீர்த்தார். பின்னர் ஒரு சிறு அறையில் தம் பெயர்ப்பலகையை மாட்டினார். இன்று அவரிடம் பயிற்சி பெறுவோரை எவரும் தெருவின் பெயர் கேட்பதில்லை.

இதுவே என் விடை. வீட்டில் வறுமை இருப்பின் முதலில் நிறுவனத்திற்குச் செல்லுங்கள். அதில் இழிவேதும் இல்லை. ஆனால் உங்களுள் சிலரேனும் பின்னாளில் சொந்த அலுவலகம் திறந்தே ஆக வேண்டும். உயர்ந்த ஊதியம் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். திறந்த அலுவலகமோ பின்வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடமாகும்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். பயிற்சிக் காலத்து உதவித்தொகை நகரத்து வாடகைக்கே போதாது. அந்த ஈராண்டுகளுக்குத் தங்குமிடமும் உணவும் நம் சங்கம் அளிக்குமாயின், பாதியில் படிப்பை விடுவோர் குறைவர். இவ்விழாவின் நினைவாக அதனைத் தொடங்குங்கள். என் பங்காக ஒரு மாத ஊதியத்தை இன்றே அளிக்கிறேன்.